கோயில் காம்பவுண்டுல ரெண்டு மரம்: ஒலிவ பூக்காததும் மாவு ஒரு வருசம் விட்டு காய்க்கிறதும்

கேஸ் இதுதான். மார்த்தாண்டத்துல இருந்து குலசேகரம் போற ரோட்டுல கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு கத்தோலிக்க கோயில், அதோட காம்பவுண்டுல ரெண்டு மரம் நிக்குது. ஒண்ணு ஒலிவ, ஆலிவ்னு சொல்ற மரம். ஒரு நர்சரியில ஆன்லைன்ல வாங்கி நட்டது, பத்து வருசம் பக்கத்துல ஆகியிருக்கும், ரெண்டு ஆள் ஒசரம் போய் நல்லா தழைச்சு நிக்குது, ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒரு மொட்டு கூட வந்ததில்ல. இன்னொண்ணு பழைய செங்கவருக்க மாவு, மாமரத்த எங்க பக்கம் மாவுன்னு தான் சொல்வோம், இப்ப இருக்கிற கட்டடம் வர்றதுக்கு முன்னாடியே அந்த வெளையில, அதாவது தோட்டத்துல, நின்னதுன்னு சொல்றாங்க, அது ஒரு வருசம் கொப்பு முறியுற அளவுக்கு காய்க்கும், அடுத்த வருசம் உப்புல போடக்கூட காய் தேறாது. கோயில் கமிட்டி என்னைய கூப்பிட்டு கேட்ட கேள்வி ஒண்ணுதான், என்ன ஒரம் போட்டா ரெண்டும் ஒழுங்கா காய்க்கும்?

நான் தோட்டக்கலை படிச்சவன், வெளைக்கு வெளை போய் பாத்து சொல்றதுதான் பொழப்பு. மாசத்துக்கு நாலஞ்சு பேராவது இதே கேள்விய கேக்குறாங்க, மரம் பூக்கலன்னா அதுக்கு பசின்னு முடிவு பண்ணி மூட்டுல, அதாவது மரத்தடியில, எதையாவது கொட்டிட்டு தான் போன் பண்ணுவாங்க. அதனாலதான் இந்த கேஸ முழுசா எழுதுறேன், ஏன்னா இந்த ரெண்டு மரமும் பக்கத்து பக்கத்துல நின்னு அந்த நம்பிக்கை எங்க தப்பாகுதுன்னு ரொம்ப தெளிவா காட்டுது.

மொதல்ல இதுவரைக்கும் என்னென்ன செஞ்சாங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டேன். ஒலிவுக்கு வருசா வருசம் சாணம், கோழி எரு, கடலைப்புண்ணாக்கு, கமிட்டியில ஒருத்தர் சொன்னதுக்காக ரெண்டு தடவ யூரியா, வெயில் காலத்துல தெனமும் வெள்ளம், அதாவது தண்ணி. மாவுக்கு வெள்ளம் தனியா எதுவும் இல்ல, ஆனா காய்க்காத வருசம் மூட்டுல உப்பு போட்டிருக்காங்க, யாரோ ரெண்டு ஆணியும் அடிச்சு வச்சிருக்காங்க, துரு பிடிச்சு பட்டைக்குள்ள போயிருச்சு. மரம் பாக்குறது உபதேசியார், எழுபது வயசுக்கு மேல இருக்கும், அவருக்கு அந்த ஒலிவ மேல இருக்கிற பாசம் பாத்தாலே தெரியும். குருத்தோலை ஞாயிறுக்கு அந்த மரத்துல இருந்து சின்ன சின்ன கொப்பு ஒடிச்சு பீடத்துல வைப்பாராம். "மக்களே, எத்தன கூட சாணம் வாரி போட்டிருக்கேன் தெரியுமா, இதுக்கு மேல எதுக்கு அழுவுது இது?"ன்னு கேட்டார். "ஐயா, நீங்க ஒரு கொறையும் வைக்கல, நல்லா சாப்பிட்ட மரம் தான் இது, இலைய பாருங்க"ன்னேன்.

இலை நெசமாவே நல்லா இருந்துச்சு. மேல கரும்பச்சை, அடியில வெள்ளி மாதிரி சாம்பல் கலர், மஞ்சளிப்பு இல்ல. வெயில் நாள் முழுக்க விழுற எடம். மண்ணு நம்ம பக்கத்து சரல் கலந்த செம்மண், கொஞ்சம் புளிப்பு மண்ணு, ஒலிவுக்கு சுண்ணாம்பு மண்ணு தான் பிடிக்கும் ஆனா அதுனால பூ வர்றது முழுசா நின்னுராது. வேர் அழுகல் இல்ல. பூச்சி பெருசா இல்ல. ஆக இந்த வழியெல்லாம் சீக்கிரமே அடைஞ்சு போச்சு.

அடுத்து ஒரு கொப்ப ஒடிச்சு கையில எடுத்து பாத்தோம், இங்கதான் கேஸோட பாதி கெடக்குது. ஒலிவுல இலை ஜோடி ஜோடியா எதிரெதிரா வரும், ஒவ்வொரு இலைக்கக்கத்துலயும் ஒரு சின்ன மொட்டு ஒக்காந்திருக்கும். போன வருசம் வளந்த கொப்புல உள்ள அந்த மொட்டு தான் இந்த வருசம் பூங்கொத்தா ஆகணும், ஒலிவுக்கு அதுதான் பூக்கிற எடம், பழைய கட்டையிலயும் பூக்காது, இந்த வருச கொளுந்துலயும் பூக்காது. லென்ஸ் வச்சு உபதேசியார்கிட்டயும் காட்டுனேன், மொட்டு ஊசி முனை மாதிரி மெலிசா கூரா இருந்துச்சு. பிளேடால நெடுக்க வெட்டி பாத்தா உள்ள இலைக்குருத்து மட்டும் தான். பூ மொட்டா இருந்தா குளிர்காலம் முடியுறப்ப உருண்டு தடிச்சு, அப்புறம் ஒரு கொத்துல பதினஞ்சு முப்பது பூ வரும். இந்த மரத்துல எந்த கொப்புலயும் அப்படி ஒண்ணு இல்ல, சில மொட்டு தூங்குது, சிலது நேரா கொளுந்தா கெளம்பி போயிருக்கு. அதாவது பூத்து உதிர்ந்த மரம் இல்ல இது, பூவுக்கான வேலையே மொட்டுல தொடங்கல.

ஏன் தொடங்கல? குளிரு. ஒலிவுக்கு பூ வரணும்னா குளிர்காலத்துல பல வாரம் குளிரு படணும், இத கலிஃபோர்னியாவுல டேவிஸ்ல ஹட்சன் ஹார்ட்மன் பல வருசம் ஆராய்ச்சி பண்ணி காட்டினார், சூடான கண்ணாடி வீட்டுக்குள்ள வச்ச மரம் இலையா விட்டு தள்ளுது, பூக்கல, அதே வகை மரத்த வெளிய குளிர்ல வச்சா பூக்குது. ராத்திரி நல்லா குளிரணும், பகல்ல கொஞ்சம் சூடும் வேணும், அந்த ஏத்த எறக்கம் தான் ஒலிவுக்கு புடிச்சது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 8 டிகிரி அட்சத்துல கெடக்குது, மூணு கடல் காத்து, நாகர்கோவில் மார்த்தாண்டம் பக்கம் ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்கு கீழ எறங்குறதே அபூர்வம். மேல கோதையாறு, முத்துக்குளிவயல் பக்கம் போனா குளிரும், ஆனா அது காடு, அங்க ஒலிவ நட முடியாது, நடவும் கூடாது.

ராஜஸ்தான்ல ஒலிவ காய்க்குதே இங்க ஏன் காய்க்காதுன்னு கமிட்டியில ஒரு தம்பி கேட்டான், நல்ல கேள்வி. 2007-ல இஸ்ரேல்ல இருந்து நாத்து கொண்டு வந்து அங்க நட்டாங்க, 2014-ல லூணகரன்சர்ல எண்ணெய் ஆலை கூட தொறந்தாங்க. ஆனா பீகானேர் பக்கம் பாலைவனம், கோடையில வறுத்தெடுக்கும் தான், டிசம்பர் ஜனவரி ராத்திரியில கை வெறைக்கும். மரத்துக்கு அந்த ஜனவரி ராத்திரி தான் கணக்கு. பெரு நாட்டு கடலோரத்துலயும் இதே கதை, அது வெப்பமண்டலம் தான், ஆனா ஹம்போல்ட் நீரோட்டம் கடலோரத்த குளிர வைக்கிறதால ஒலிவ காய்க்குது, எல் நினோ வந்து குளிர்காலம் சூடா போற வருசம் பூ அப்படியே சரிஞ்சிரும். மண்ணும் அதே, ஒரமும் அதே, மரமும் அதே, குளிர் மட்டும் வரல.

குளிர் உள்ள என்ன பண்ணுதுன்னு இப்ப ஓரளவு தெரியுது. எஃப்டின்னு ஒரு புரோட்டீன், இலையில உண்டாகி மொட்டுக்கு போய் நீ பூவாகுன்னு சொல்றது அதுதான், நெல்லுல இருந்து மாவு வரைக்கும் ஏறக்குறைய எல்லா செடியிலயும் இதோட சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான். இஸ்ரேல்ல அலோன் சமாக்கோட குழு ஒலிவ இலையில இத அளந்து பாத்தாங்க, குளிர்காலத்துல இது ஏறுது, அதுலயும் அந்த வருசம் காய் சொமக்காத மரத்துல தான் நல்லா ஏறுது. இந்த ரெண்டாவது விசயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, மாவுக்கு வரும்போது இதுதான் வேணும்.

உபதேசியாருக்கு நான் சொன்னது இது, ஐயா ரேஷன் கடையில அரிசி மூட்ட மூட்டயா கெடக்கு, ஆனா உங்க கைரேகை மெசின்ல பதியல, அப்ப அரிசி இருந்தும் உங்களுக்கு வராது, நீங்க போட்ட சாணம் தான் அந்த அரிசி, குளிரு தான் அந்த கைரேகை. அவர் சட்டுன்னு புரிஞ்சுகிட்டார். ஃபாதர் தான் கொஞ்ச நேரம் பேசாம மரத்தையே பாத்துட்டு நின்னார்.

அப்ப போட்ட ஒரமெல்லாம் எங்க போச்சு? கொளுந்துக்கு போச்சு. தழைச்சத்தும் வெள்ளமும் கெடைச்சு பூவுக்கு உத்தரவு வராத மரம் வேற எதுல போய் செலவு பண்ணும், நீட்ட நீட்டமா கொப்பு விட்டிருக்கு, அடுத்த மழையில இன்னொரு கொளுந்து. நெறைய போட போட மரம் இலையாவே நிக்கும்.

ஒரத்துக்கு வேலையே இல்லன்னு இத வச்சு யாரும் முடிவு பண்ணிர வேண்டாம். பூக்கிற ஊர்ல, உத்தரவு வந்த பெறகு தான் சத்தோட கணக்கு ஆரம்பிக்குது, அது ரொம்ப அழகான கணக்கு, அத சொல்லாம இந்த கேஸ் முழுமையாகாது.

நல்லா வளந்த ஒரு ஒலிவ மரம் அஞ்சு லட்சம் பூ வரைக்கும் பூக்கும். அதுல நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோ காயானாலே அது நல்ல வெளச்சல். மிச்சம் எல்லாம் பூ விரிஞ்ச ரெண்டு வாரத்துக்குள்ள பெரும்பாலும் கொட்டிரும். எல்லா பூவும் முழுப்பூவும் கெடையாது. சில பூவுல நடுவுல பச்சையா சூலகம் இருக்கும், ரெண்டு பக்கமும் மஞ்சளா மகரந்தப்பை. சிலதுல மகரந்தப்பை மட்டும், நடுவுல உள்ளது பாதியிலயே சுருங்கி போயிருக்கும், அது ஆண்பூ. மரம் எல்லா பூவையும் முழுப்பூவா தான் தொடங்குது, போற வழியில சத்து பத்தலன்னா சூலகத்த கைவிட்டுருது. வெள்ளம் கொறைஞ்சா, இலை கொட்டிருந்தா, தழைச்சத்து பத்தலன்னா, போன வருசம் காய் ஜாஸ்தின்னா ஆண்பூ கூடும். முழுப்பூவோட சூலகத்துல ஸ்டார்ச் சேத்து வச்சிருக்கும், ஆண்பூவோட சுருங்குன சூலகத்துல அது இருக்காது. இத்தாலியில அடோல்ஃபோ ரொசாட்டின்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரு பல வகை ஒலிவ மரங்கள பக்கத்துல வச்சு பாத்து ஒண்ணு கண்டுபிடிச்சாரு, பெரிய காய் காய்க்கிற வகைக்கு பூவுலயே சூலகம் பெருசா இருக்கு, பெரிய சூலகத்துக்கு செலவு ஜாஸ்தி, அதனால அந்த வகையில தான் சூலகத்த கைவிடுறதும் ஜாஸ்தி. சின்ன காய் வகை நெறைய முழுப்பூவ தாங்கும், பெரிய காய் வகை கொஞ்சத்த தான் தாங்கும்.

எனக்கு இது ரொம்ப பிடிச்ச விசயம். பூ கொட்டுறத பாத்து நம்ம பதறுறோம், ஆனா கொட்டுறது தான் மரத்தோட பட்ஜெட். ஆண்பூ மலிவான பூ, மகரந்தம் குடுத்துட்டு போயிரும், காய் சொமக்கிற செலவ மரம் கொஞ்சம் பூ மேல மட்டும் போடுது.

இப்ப மாவுக்கு வாரேன். மாவும் இதே ஜாதி தான் இந்த விசயத்துல, ஒரே பூங்கொத்துல ஆண்பூவும் முழுப்பூவும் கலந்து வரும். பக்கத்து வெளையில பூத்து நின்ன நீலம் மாவுல ஒரு கொத்துக்கு கீழ வெள்ள வேட்டிய விரிச்சு லேசா தட்டி, விழுந்தத லென்ஸ்ல பாத்தோம். முழுப்பூவுல நடுவுல எலுமிச்ச கலர்ல ஒரு குட்டி உருண்டை, அது ஓரத்துல இருந்து வளைஞ்சு ஒரு சூல்தண்டு, பக்கத்துல ஒரே ஒரு நல்ல மகரந்தத்தாள். ஆண்பூவுல அந்த உருண்டை இல்ல, நடு வெறுமையா இருக்கும். வேட்டியில விழுந்ததுல பெரும்பகுதி ஆண்பூ. ஒரு மாங்கொத்துல ஆயிரத்துல இருந்து ஆறாயிரம் பூ வரைக்கும் இருக்கும், அதுல முழுப்பூ எத்தனங்கிறது வகைய பொறுத்து 1 சதவீதத்துல இருந்து 70 சதவீதத்துக்கு மேல வரைக்கும் மாறும், கடைசியில கொத்துக்கு ஒரு காய் நின்னாலே பெருசு. காலம்பற வந்து மூட்ட சுத்தி பூவும் பிஞ்சும் கெடக்குறத பாத்து மருந்தடிக்க ஓடுறவங்க இத ஒரு தடவ வேட்டிய விரிச்சு பாக்கணும். தத்துப்பூச்சி, சாம்பல் நோய்ன்னு நெசமான காரணமும் உண்டு தான், ஆனா பெரும்பாலான கொட்டல் மரமே எடுத்த முடிவு.

ஒலிவுக்கும் மாவுக்கும் வித்தியாசம் எங்கன்னா, மாவுக்கு நம்ம ஊர்ல குளிர் கட்டாயம் இல்ல. வடக்க டெல்லி லக்னோ பக்கம் மாவ பூக்க வைக்கிறது குளிரு தான், இங்க அந்த எடத்துல கொப்போட வயசு வந்து நிக்குது. கடைசியா விட்ட கொளுந்து முத்தி நாலஞ்சு மாசமாவது சும்மா இருந்துச்சுன்னா சூடான ஊர்லயும் அந்த நுனி பூக்க தயாராயிரும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழை, எடையில மழையில்லாத காய்ச்சல், அதனாலதான் இங்க மாவு மெயின் சீசன் போக இன்னொரு தடவையும் பூக்குது, மத்த மாவட்டத்துல மாங்கா இல்லாத மாசத்துல மார்த்தாண்டம் சந்தையில நம்ம மாங்கா கெடைக்கும். அதே ரெண்டு மழை தான் தொல்லையும், ஐப்பசி கார்த்திகையில மழ நிக்காம பேஞ்சா முத்துன நுனியெல்லாம் பூக்குறதுக்கு பதிலா கொளுந்து விட்டுரும்.

இந்த செங்கவருக்கயோட வரலாறு கெடைச்சது பாட்டக்காரர்கிட்ட. அவரு பல வருசமா இந்த மரத்த பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுக்கிறவரு, பழைய நோட்டுல மரத்துக்கு மரம் கணக்கு வச்சிருக்காரு. நோட்ட பாத்தா ஏத்தமும் எறக்கமும் மாறி மாறி தெளிவா நிக்குது. ஆனா அதவிட முக்கியமா அவரு வாயால ஒண்ணு சொன்னாரு, "ஒரு வருசம் கெழக்க உள்ள பெரிய கொப்பு காத்துல முறிஞ்சு போச்சு, பிஞ்சு கொட்டைப்பாக்கு அளவு இருக்கும் அப்ப, அதுக்கு பக்கத்து கொப்புலயும் பிஞ்சு பூரா உதிந்து போச்சு. அடுத்த வருசம் மரம் காய்க்காத வருசம், ஆனா அந்த கெழக்க பக்கம் மட்டும் பூத்துச்சு." இத விட நல்ல ஆதாரம் எனக்கு வேண்டாம். ஒரே மூடு, ஒரே வேர், ஒரே ஒரம், காய் போன பக்கம் அடுத்த வருசம் பூக்குது, காய் சொமந்த பக்கம் பூக்கல. மாவுல கொப்பு கொப்பா இப்படி தனித்தனியா நடக்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம் தான், ஆனா அது எதைச் சொல்லுதுன்னு யாரும் கேக்குறதில்ல.

அது சொல்றது, முந்தின வருச காய் தான் இந்த வருச பூவ நிறுத்துது. எப்படி நிறுத்துதுங்கிறதுல தான் ரெண்டு பேச்சு இருக்கு. மரம் காய்ச்சு களைச்சு போச்சு, சேமிப்பு தீந்து போச்சுங்கிறது ஒண்ணு, நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றது. சில மரத்துக்கு அது உண்மையும் கூட, வில்கிங்னு ஒரு ஆரஞ்சு வகை இருக்கு, அது காய்ச்சு காய்ச்சு வேர்ல ஸ்டார்ச் சுத்தமா தீந்து மரமே பட்டுப்போனது பதிவுல இருக்கு. ஆனா ஒலிவுல இஸ்ரேல்காரங்க கட்டை, பட்டை, வேர்னு எல்லாத்துலயும் ஸ்டார்ச்ச அளந்தப்ப, நெறைய காய்ச்ச வருசம் கூட சேமிப்பு காலியாகல. கையில இருக்கு, இருந்தும் பூக்கல.

ரெண்டாவது பேச்சு கொட்டைய பத்தி. 1986-ல கலிஃபோர்னியாவுல ஸ்டட்டியும் மார்ட்டினும் ஒலிவக்காய மரத்துலயே விட்டுட்டு உள்ள இருக்கிற விதைய மட்டும் சாகடிச்சு பாத்தாங்க. கொட்டை கெட்டியாகுறதுக்கு முன்னாடி விதை செத்த கொப்புல அடுத்த வருசம் பூ வந்துச்சு, காய் அங்கயே தொங்குனாலும். அப்ப காயோட சதை இல்ல, வளர்ற விதை தான் பக்கத்து மொட்டுக்கு நீ பூக்காதன்னு சேதி அனுப்புது. ஜிப்ரலின்ங்கிற ஹார்மோன் மேல தான் எல்லாருக்கும் சந்தேகம். சமாக் குழு பாத்த எஃப்டி ஏறாத விசயமும் இதோட ஒத்து போகுது, குளிரு வந்தாலும் காய் சொமந்த மரத்தோட இலை அந்த சேதிய சரியா அனுப்பல.

கூடவே ஒரு நேரடி காரணமும் உண்டு. காய் சொமக்கிற வருசம் ஒலிவ கொப்பு நீளாது, சத்த எல்லாம் காய் இழுத்துக்கும், அதுலயும் எண்ணெய் சேக்குறது சர்க்கரை சேக்குறத விட செலவான வேலை. கொப்பு நீளலன்னா அடுத்த வருசம் பூக்க இலைக்கக்கமே இல்ல. மாவுக்கும் இதே தான், நுனியில பூங்கொத்து வந்து அதுல காய் தொங்குனா அந்த நுனி ஆனி மாசம் வரைக்கும் பிஸி, அதுக்கப்புறம் பறிச்சு, அது சாரல்ல மெதுவா கொளுந்து விட்டு, முத்தி, தை மாசத்துக்குள்ள தயாராக நாள் பத்தாது. காய்க்காத நுனி முன்னாடியே கொளுந்து விட்டு முத்தி காத்திருக்கும். நீலம், பெங்களூரான்னு சில வகை எப்படியோ வருசா வருசம் காய்ச்சிருது, அதனாலதான் தோப்பு போடுறவங்க அதுக்கு போறாங்க, ஆனா செங்கவருக்க மணம் அதுல கெடைக்காதுங்கிறதும் உண்மை.

நம்ம மாறாமலை கிராம்புக்காரங்களுக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரியும். அவங்க பறிக்கிறதே மொட்டு, பூவாக விடுறதில்ல, விட்டு கொட்டையாயிட்டா அடுத்த வருசம் மரம் மொடங்கும்னு எந்த கிராம்புக்காரரும் சொல்வாரு. அவங்களுக்கும் நல்ல வருசம் கெட்ட வருசம் மாறி மாறி தான் வருது, 2021-ல புவிசார் குறியீடு கெடைச்சதும் அதே கன்னியாகுமரி கிராம்புக்கு தான்.

இதெல்லாம் வச்சு பாத்தா மாவுக்கு நம்ம ஊர்ல செய்ற வைத்தியம் எல்லாம் தப்பான வருசத்துல நடக்குது. காய்க்காத வருசம் தான் உப்பு, ஆணி, ஒரம் எல்லாம் போடுறாங்க, ஆனா அந்த வருசத்து பூவோட விதி முந்தின வருசம் காய் கொட்டை கட்டுறப்பவே எழுதியாச்சு. கைய வைக்க வேண்டியது கொழிச்சு காய்க்கிற வருசத்துல, பிஞ்சு சின்னதா இருக்கிறப்ப. ஒலிவ தோட்டக்காரங்க கலிஃபோர்னியாவுல அததான் பண்றாங்க, பூ முழுசா விரிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு என்ஏஏன்னு ஒரு ஹார்மோன தெளிச்சு பிஞ்ச கொறைக்கிறாங்க, லேட்டானா காய் கொறையும் ஆனா அடுத்த வருசம் பூவுக்கு பிரயோஜனம் இல்ல. நம்ம ஆட்கள்கிட்ட பிஞ்ச பறிச்சு போடுன்னு சொன்னா நெஞ்சு பொறுக்காது. அந்த பாட்டக்காரரும் மொதல்ல என்னைய ஒரு மாதிரி தான் பாத்தாரு.

பேக்லோபியூட்ரசால்னு வளர்ச்சிய அடக்குற மருந்து ஒண்ணு இருக்கு, அத ஊத்தலாமான்னு கமிட்டியில கேட்டாங்க. காய்க்காத வருசத்துல பூ வரவைக்க செப்டம்பர் முதல் பாதியில அத மூட்டுல ஊத்துற பரிந்துரை தமிழ்நாட்டுல இருக்கு, வேலையும் செய்யும், ஜிப்ரலின் உண்டாகுறத தடுக்குது அது. ஆனா மண்ணுல ரொம்ப நாள் தங்கும், இந்த மாவு மூட்டுல இருந்து கோயில் கிணறு கொஞ்ச தூரம் தான், அந்த கிணத்து வெள்ளம் குடிக்கிறாங்க. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் தெளிக்கிறது வேற, பிலிப்பைன்ஸ்ல ராமோன் பார்பா 1970-கள்ல கண்டுபிடிச்ச வழி அது, முத்துன நுனி ரெடியா இருந்து பூ வராம தயங்குச்சுன்னா அது தட்டி எழுப்பும். இளங்கொப்புல தெளிச்சா ஒண்ணும் நடக்காது. ஒலிவுலயும் அது குளிருக்கு ஈடாகாது.

கடைசியா என்ன முடிவாச்சுன்னா, ஒலிவுக்கு யூரியா, கோழி எரு ரெண்டும் நிறுத்தியாச்சு, வருசத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் மக்குன சாணம் போதும், தெனமும் வெள்ளம் வேண்டாம். அது இந்த ஊர்ல காய்க்காதுன்னு ஃபாதர்கிட்டயும் உபதேசியார்கிட்டயும் வெளிப்படையா சொல்லிட்டேன், காய் வேணும்னு இன்னொரு நர்சரியில இருந்து இன்னொரு வகைய வாங்கி காச கரைக்காதீங்கன்னும் சொன்னேன், ஆர்பெக்கினா மாதிரி கொஞ்சம் குளிர் போதும்ங்கிற வகைக்கு கூட நம்ம ராத்திரி பத்தாது. இலை மரமா அது அழகான மரம், குருத்தோலை ஞாயிறுக்கு கொப்பு ஒடிக்கிறதுக்கு தோதா தவக்காலத்துக்கு நாலு மாசம் முன்னாடி கவாத்து பண்ணா புது கொப்பு நெருக்கமா வரும், அத எப்படி வெட்டணும்னு காட்டிக் குடுத்தேன். உபதேசியாருக்கு அதுல சமாதானம் தான், இலை தானே பீடத்துல வைக்கிறோம்னாரு.

மாவு அடுத்த தடவ கொழிச்சு பூக்கிறப்ப, பிஞ்சு கோலிக்குண்டு அளவு இருக்கையில மேக்க பக்கத்து கொப்புகள்ல மட்டும் பிஞ்ச முக்கால்வாசி உதுத்து விடணும், கெழக்க பக்கம் தொட வேண்டாம். அப்ப ஒரு பக்கம் ஒரு வருசம், மறு பக்கம் மறு வருசம்னு பிரிஞ்சு நிக்க வாய்ப்பு இருக்கு, மொத்தமா கூட்டி பாத்தா கொறைவு பெருசா இருக்காது. பறிச்ச ஒடனே காய்ச்ச காம்பு நுனிய ஒரு சாண் வெட்டி விடணும், அப்பதான் கொளுந்து சீக்கிரம் வந்து முத்த நேரம் கெடைக்கும், ஒரமும் அப்ப போடணும், காய்க்காத வருசம் பாத்து இல்ல. பாட்டக்காரர் இதுக்கு ஒரு நிபந்தனை வச்சாரு, வருசா வருசம் பாட்டம் பேசினா பிஞ்ச உதுத்து விடுற நஷ்டம் எனக்கும் அடுத்த வருச லாபம் வேற ஒருத்தனுக்கும் போயிரும், அதனால ரெண்டு வருசத்துக்கு சேத்து எழுதணும்னாரு. நியாயமான பேச்சு. கமிட்டி கூடி ஒத்துக்கிட்டாங்க, இனிமே அந்த மூடு ரெண்டு வருச பாட்டம்.